கலெக்ஷன் கடனைக் கட்டியாயிற்று, ரிப்போர்ட்டை விட்டு ஏன் போகவில்லை?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். 2022 மே மாதக் கடைசியில் இர்விங்கில் இருந்த அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு ஃபிரிஸ்கோவுக்கு வந்தோம். கார்பெட் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் டெபாசிட் போதவில்லை என்று மேலும் 586 டாலர் கேட்டு ஜூனில் ஒரு பில் அனுப்பியிருக்கிறார்கள். அது பழைய முகவரிக்கே போயிருக்கிறது. 2024 பிப்ரவரியில் கிரெடிட் கார்டு ஆப்பில் எச்சரிக்கை வந்தபோதுதான் விஷயம் கலெக்ஷன் ஏஜென்சி (பாக்கியை வசூலிக்கும் நிறுவனம்) வரை போயிருப்பது தெரிந்தது. பயந்துபோய் மார்ச்சிலேயே முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். ரசீது ஈமெயிலில் இருக்கிறது.

இன்னும் ஆறு மாதத்தில் வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்தில் மூன்று கிரெடிட் பியூரோக்களிலும் (நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனங்கள்) உள்ள என் ரிப்போர்ட்டை எடுத்தேன். ஈக்விஃபாக்ஸில் இந்தக் கடன் இல்லை. டிரான்ஸ்யூனியனில் 'பெய்டு கலெக்ஷன்', பாக்கி 0, 2029 ஜூனில் நீக்கப்படும் என்று இருக்கிறது. எக்ஸ்பீரியனில் இன்னும் பாக்கி 586 டாலர், 'ஆன் ரெக்கார்டு அன்டில்' 2031 மார்ச் என்று இருக்கிறது. கிரெடிட் கர்மா ஆப்பில் என் ஸ்கோர் 760. ஆனால் லோன் ஆபீசர் எடுத்துப் பார்த்துவிட்டு 690 என்கிறார்.

என் தோழிக்கு ஆஸ்பத்திரி பில் கலெக்ஷனுக்குப் போய், கட்டியதுமே மறைந்துவிட்டது. எனக்கு ஏன் மறையவில்லை? கணவரின் நண்பர் மூன்று இடத்திலும் 'நாட் மைன்' (என்னுடையது இல்லை) என்று மாதாமாதம் டிஸ்பியூட், அதாவது தகவல் தவறு என்ற புகார், போடச் சொல்கிறார். ஒரு கிரெடிட் ரிப்பேர் கம்பெனி 399 டாலர் முன்பணம் கேட்கிறது. லீஸில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. என்ன செய்யலாம்?

– டெக்சஸ் வாசகி

பதில்: வணக்கம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு தேதிதான் முதலில் என் கண்ணில் பட்டது. 2031 மார்ச். உங்கள் கவலையெல்லாம் 586 டாலர் பாக்கியைப் பற்றி இருக்கிறது. அது ரசீதைக் காட்டினால் சரியாகிவிடும். இந்தத் தேதியைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பதிவு ஒன்றே முக்கால் வருடம் கூடுதலாக உங்கள் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கலெக்ஷன் எத்தனை காலம் ரிப்போர்ட்டில் இருக்கலாம் என்பது ஏஜென்சியின் இஷ்டம் இல்லை, பியூரோவின் இஷ்டமும் இல்லை. 1970-இல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் அதற்கு ஏழு வருடம் என்று எல்லை போட்டிருக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எல்லாக் குழப்பமும். முதன்முதலில் பணம் கட்டத் தவறினீர்கள், பிறகு அந்தப் பாக்கி தீராமலே கலெக்ஷனுக்குப் போனது அல்லவா? அந்த முதல் தவணைத் தவறல்தான் அடிப்படை. சட்டத்தின் 605-ஆம் பிரிவு அதற்கு மேல் 180 நாள் தள்ளி, அங்கிருந்து ஏழு வருடம் எண்ணச் சொல்கிறது. நடைமுறையில் பியூரோக்கள் பெரும்பாலும் அந்த 180 நாளைச் சேர்க்காமல் ஏழு வருடத்திலேயே எடுத்துவிடுகின்றன.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பில் போட்டது 2022 ஜூன். ஏழு வருடம் என்றால் 2029 ஜூன். டிரான்ஸ்யூனியன் காட்டுவது அதைத்தான். 180 நாளையும் தாராளமாகச் சேர்த்தால்கூட 2029 டிசம்பரைத் தாண்ட முடியாது. எக்ஸ்பீரியனின் 2031 மார்ச் எங்கிருந்து வந்தது? நீங்கள் பணம் கட்டியது 2024 மார்ச். அதோடு ஏழைக் கூட்டிப் பாருங்கள். முதல் தவறல் தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் நீங்கள் பணம் கட்டிய தேதி போய் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தத் துறையில் இதை 'ரீ-ஏஜிங்' என்பார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, கவனக்குறைவா என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தேதி தவறு என்பது போதும்.

பணம் கட்டினால் ஏழு வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். அது வேறு ஒரு கணக்கோடு கலந்துவிட்ட பேச்சு. கடனுக்காக உங்கள் மேல் வழக்குப் போட ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு காலக்கெடு உண்டு. சில மாநிலங்களில் பகுதித் தொகை கட்டினால் அந்தக் கெடு புதுப்பிக்கப்படும். ரிப்போர்ட்டில் இருக்கும் ஏழு வருடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டினாலும், கட்டாவிட்டாலும், ஒரு ஏஜென்சி இன்னொரு ஏஜென்சிக்குக் கடனை விற்றாலும் இந்த ஏழு வருடம் நகராது.

சரி, கட்டியும் ஏன் மறையவில்லை? கிரெடிட் ரிப்போர்ட் உங்கள் இன்றைய கடன் பட்டியல் மட்டும் இல்லை, பழைய நடத்தையின் பதிவும் கூட. கட்டிய கலெக்ஷனின் பாக்கி 0 ஆகும், நிலை 'கட்டப்பட்டது' என்று மாறும், பதிவு இருக்கும். டிரான்ஸ்யூனியனில் உள்ளது அப்படித்தான் இருக்கிறது. படிக்கக் கஷ்டமாக இருந்தாலும் அது உண்மை, அதை எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

உங்கள் தோழியின் கதையும் உண்மைதான். அது மருத்துவக் கடன் என்பதால் நடந்தது. மூன்று பியூரோக்களும் சேர்ந்து எடுத்த முடிவுப்படி, கட்டி முடித்த மருத்துவ கலெக்ஷன்களை 2022 ஜூலை 1 முதல் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ கலெக்ஷன்களையும் எடுத்தார்கள். எல்லா மருத்துவக் கடனையும் ரிப்போர்ட்டிலிருந்து நீக்க, நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதியை, அதே வருடம் ஜூலையில் டெக்சஸிலுள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று ரத்து செய்துவிட்டது. பியூரோக்கள் தாங்களாகச் செய்த மாற்றம் அந்தத் தீர்ப்பால் போய்விடவில்லை. ஆனால் அபார்ட்மென்ட் பாக்கி, போன் பில், ஜிம் சந்தா எதற்கும் இந்தச் சலுகை கிடையாது. ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டுவிட்டு மற்ற கலெக்ஷன்களும் அப்படியே போய்விடும் என்று காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது 'நாட் மைன்' யோசனைக்கு வருகிறேன். அந்த நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் லீஸில் உங்கள் பெயர் இருக்கிறது, பணம் கட்டிய ரசீதும் உங்கள் பெயரில் இருக்கிறது. பிறகு "இது என்னுடையது இல்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது பொய். ஒழுக்கம் ஒருபக்கம் இருக்கட்டும், காரிய நோக்கில் பார்த்தாலும் அது மோசமான தேர்வு. ஏஜென்சி ரசீதை எடுத்துக் காட்டி "இவருடையதுதான்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். உண்மையிலேயே தவறாக இருக்கும் பாக்கியும் தேதியும் யார் கண்ணிலும் படாமல் அப்படியே கிடக்கும். மாதாமாதம் அதையே திருப்பி அனுப்பினால் 'ஃபிரிவலஸ்', அதாவது ஆதாரமற்ற வீண் புகார், என்று சொல்லி விசாரணையையே நிறுத்த பியூரோவுக்கு அதிகாரம் உண்டு. எப்போதாவது ஏஜென்சி பதில் சொல்லத் தவறி, பதிவு நீங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஏஜென்சி பின்னால் "தகவல் சரிதான்" என்று உறுதிசெய்தால் அதே பதிவு திரும்ப வரலாம். வந்தால் ஐந்து வேலை நாளுக்குள் பியூரோ உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக் கடன் கையெழுத்தாகும் வாரத்தில் அது திரும்பி வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் என்னிடம் வருகிறவர்களைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில், என்ன தவறு, சரியானது என்ன? இதை ஒரே வரியில் சொல்ல முடிந்தால் டிஸ்பியூட் போடுங்கள். சொல்ல முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது வேண்டுகோள். வேண்டுகோளுக்கும் இடம் உண்டு, அதை வேறு ஆளிடம், வேறு தொனியில் வைக்க வேண்டும்.

எக்ஸ்பீரியனுக்கு உங்களிடம் இரண்டு வரி இருக்கிறது. ஆன்லைனிலும் டிஸ்பியூட் போடலாம், விரைவும்கூட. ஆனால் அங்கே காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், விளக்க இடம் குறைவாக இருக்கும். தேதித் தவறு போன்ற, நாலு வரி விளக்கம் தேவைப்படும் விஷயத்துக்கு நான் தபாலையே சொல்வேன். சர்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரசீதோடு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் எழுத வேண்டியதன் சாரம் இவ்வளவுதான்:

"என் ரிப்போர்ட்டில் இந்த ஏஜென்சியின் பெயரில், இந்த எண்ணில் முடியும் கலெக்ஷன் கணக்கில் இரண்டு தகவல்கள் தவறாக உள்ளன. ஒன்று, பாக்கி 586 டாலர் என்று இருக்கிறது. 2024 மார்ச்சில் முழுவதும் கட்டிவிட்டேன், ரசீது இணைத்துள்ளேன். பாக்கி 0 என்று இருக்க வேண்டும். இரண்டு, 2031 மார்ச் வரை பதிவில் இருக்கும் என்று உள்ளது. முதல் தவறல் 2022 ஜூனில் நடந்தது. வீட்டைக் காலி செய்த கடிதமும், இதே கணக்கை 2029 ஜூனில் நீக்குவதாகக் காட்டும் டிரான்ஸ்யூனியன் ரிப்போர்ட்டின் பக்கமும் இணைத்துள்ளேன். முதல் தவறல் தேதியைத் திருத்த வேண்டும். இவற்றைச் சரிபார்க்க முடியாவிட்டால் பதிவை நீக்க வேண்டும்."

இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கார்பெட் எப்படி இருந்தது, லீஸிங் ஆபீஸ் மேனேஜர் எப்படிப் பேசினார், நீங்கள் இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை என்பதையெல்லாம் இதில் சேர்த்தால் படிப்பவர் தவறைத் தேட வேண்டியிருக்கும். அசல் காகிதம் எதையும் அனுப்பாதீர்கள், நகல் மட்டும். அடையாள அட்டை நகல், இப்போதைய முகவரிக்குச் சான்றாக ஒரு கரன்ட் பில், ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு இருக்கும் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துத் தவறான இரண்டு இடத்தையும் வட்டமிட்டது, இவை கட்டாயம்.

கடிதம் போனபின் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் வரும் பதில் எரிச்சலூட்டும். பியூரோ ஐந்து வேலை நாளுக்குள் உங்கள் புகாரை ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும். 'ஈ-ஆஸ்கர்' என்ற கணினி அமைப்பு வழியாகத்தான் அது போகும். நீங்கள் எழுதிய கடிதம் அங்கே ஒரு குறியீட்டு எண்ணாகச் சுருங்கும், இணைப்புகளும் கூடப் போகும். ஏஜென்சியில் ஒருவர் தன் கணினித் திரையையும் அந்தக் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். திரையில் இருப்பதே தவறென்றால் "சரிபார்த்தாயிற்று, சரிதான்" என்று திரும்பி வரக்கூடும். அதனால்தான் கடிதத்தில் தவறையும் திருத்தத்தையும் எண்ணாலும் தேதியாலும் சொல்லச் சொல்கிறேன். "இந்தக் கணக்கில் தவறு இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் குறியீடும் பொதுவானதாகவே போகும்.

விசாரணைக்குச் சட்டம் கொடுப்பது 30 நாள். ஆண்டு இலவச ரிப்போர்ட்டை எடுத்த பிறகு போடும் டிஸ்பியூட்டுக்கு 45 நாள். நீங்கள் எடுத்திருப்பது அந்த ரிப்போர்ட் என்பதால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த ஐந்து வேலை நாளில் முடிவு எழுத்தில் வரும். திருத்தம் நடந்திருந்தால் புது ரிப்போர்ட்டும் இலவசமாக வரும். அந்தக் காலத்துக்குள் ஏஜென்சியால் உறுதிசெய்ய முடியாவிட்டால் பியூரோ அந்தத் தகவலைத் திருத்த வேண்டும் அல்லது நீக்க வேண்டும்.

இதே கடிதத்தின் நகலை ஏஜென்சிக்கும் அனுப்புங்கள். ஆனால் ஏஜென்சிக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. நேரடியாக வந்த புகாரை ஏஜென்சி அலட்சியம் செய்தால், இந்தச் சட்டத்தின் கீழ் நீங்கள் வழக்குப் போட முடியாது. பியூரோ வழியாக வந்த புகாரைச் சரியாக விசாரிக்காமல் விட்டால் போடலாம். அப்படி ஒரு நிலை வராமலே போகட்டும். ஆனாலும் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரசீதும் தேதியும் கையில் இருந்தும் "சரிதான்" என்று பதில் வந்தால் மறுபடி அதே கடிதத்தை அனுப்பாதீர்கள். எப்படி விசாரித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்று பியூரோவிடம் எழுதிக் கேளுங்கள், 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். கூடவே சி.எஃப்.பி.பி. தளத்தில் பியூரோ மேலும் ஏஜென்சி மேலும் தனித்தனிப் புகார். பொதுவாக 15 நாளில் பதில் வரும், சில சமயம் 60 நாள் வரை போகும். முதல் கட்டத்தில் நகராதவை இந்தக் கட்டத்தில் நகர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன், காரணம் இங்கே கோப்பைத் திறந்து படிப்பவர் வேறு ஆள். அதுவும் பலிக்காவிட்டால் நுகர்வோர் வழக்கறிஞர். நீங்கள் ஜெயித்தால் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பே கொடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்வதால், வலுவான கேஸ் என்றால் முன்பணம் வாங்காமலே எடுப்பவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் 100 வார்த்தைக்குள் உங்கள் தரப்பு விளக்கத்தைச் சேர்க்கவும் உரிமை இருக்கிறது. அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்கோர் கணக்கிடும் மென்பொருள் அதைப் படிப்பதில்லை.

டிரான்ஸ்யூனியனில் இருப்பது சரியான தகவல் என்றேன். அதை எடுக்க ஒரே வழி, கொடுத்தவரே திரும்பப் பெறுவது. இங்கேதான் வேண்டுகோள். கட்டுவதற்கு முன்பே "கட்டினால் நீக்குவீர்களா, எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் பேரம் உங்கள் கையில் இருந்திருக்கும். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, இதைப் படிக்கும் வேறு யாராவது நாளைக்குக் கட்டப்போகிறவராக இருக்கலாம். இப்போது உங்களுக்கு இருப்பது நல்லெண்ணக் கடிதம். அதை ஏஜென்சிக்கு அனுப்புவதற்கு முன் அபார்ட்மென்ட் நிர்வாகத்தின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். லீஸிங் ஆபீஸில் அன்றைக்கு இருந்தவர்கள் இன்றைக்கு இருக்க மாட்டார்கள், இருந்தாலும் முடிவெடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்காது.

அந்தக் கடிதத்துக்கு வலு சேர்க்க ஒன்றைத் தேடச் சொல்வேன். காலி செய்தபோது புது முகவரியை எழுத்தில் கொடுத்தீர்களா? ஈமெயிலாக இருந்தாலும் சரி. டெக்சஸ் சொத்துச் சட்டப்படி, புது முகவரியை எழுத்தில் கொடுத்த வாடகைதாரருக்கு, காலி செய்த 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும், பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்ற பட்டியலைக் கொடுக்க வேண்டும். சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானத்துக்கு டெபாசிட்டில் கைவைக்கக் கூடாது. சில வருடம் நடந்து பழசான கார்பெட்டுக்கும் மங்கிய பெயின்டுக்கும் பணம் கேட்பது இந்த ஊரில் வாடிக்கை. கேட்டதாலேயே அது நியாயம் ஆகிவிடாது. புது முகவரி கொடுத்த ஈமெயில் உங்களிடம் இருந்து, பில் பழைய முகவரிக்குப் போயிருந்தால், "எனக்கு வராத பில்லுக்காக என் பெயர் கெட்டது, தெரிந்த அடுத்த மாதமே முழுவதும் கட்டினேன், ஏஜென்சியிடமிருந்து கணக்கைத் திரும்பப் பெற்று மூன்று பியூரோவிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள்" என்று கேட்க உங்களுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. காலி செய்த அன்று எடுத்த போட்டோ இருந்தால் அதையும் வையுங்கள். தொனி மட்டும் மரியாதையாக இருக்கட்டும், வக்கீல் நோட்டீஸ் போல வேண்டாம். ஏஜென்சி "எங்கள் ஒப்பந்தம் இடம் தராது" என்று ஒரு முறை சொல்லும். நிர்வாகம் சொன்னால் செய்பவர்களும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

760-க்கும் 690-க்கும் இடையில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கிரெடிட் கர்மா காட்டுவது வான்டேஜ்ஸ்கோர் 3.0 என்ற ஸ்கோர் முறை. அது கட்டி முடித்த கலெக்ஷனைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இன்னொன்று, அந்த ஆப் ஈக்விஃபாக்ஸையும் டிரான்ஸ்யூனியனையும் மட்டும்தான் காட்டும். உங்களுக்குத் தவறு இருக்கும் எக்ஸ்பீரியன் அங்கே வராது! வீட்டுக் கடனுக்கு லெண்டர்கள் வழக்கமாக எடுப்பது ஃபைகோ என்ற இன்னொரு ஸ்கோர் முறையின் பழைய பதிப்புகள். எக்ஸ்பீரியனில் 2, டிரான்ஸ்யூனியனில் 4, ஈக்விஃபாக்ஸில் 5. கட்டிய கலெக்ஷனை ஒதுக்கிவிடுவது ஃபைகோ 9-லிருந்துதான் வந்தது. பழையவை கட்டியதையும் குறையாகவே பார்க்கும். வீட்டுக் கடனில் வான்டேஜ்ஸ்கோர் 4.0-ஐயும் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் அறிவிப்பு வந்திருக்கிறது, அது கட்டிய கலெக்ஷனை ஒதுக்கும். உங்கள் லெண்டர் எதைப் பயன்படுத்துகிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். தவறான கேள்வி இல்லை, தினமும் கேட்கப்படுவதுதான்.

லெண்டர் மூன்று ஸ்கோரில் நடுவில் இருப்பதை எடுப்பார். உங்களுக்கு மூன்றில் இரண்டில் கலெக்ஷன் இருப்பதால் நடு ஸ்கோரும் அடிபடுகிறது. ஆகவே இந்த இரண்டில் ஏதாவது ஒன்றிலிருந்து பதிவு முழுவதும் போனாலே நடு ஸ்கோர் மேலேற வாய்ப்பு உண்டு. வெறும் பாக்கியும் தேதியும் திருந்தினால் பழைய ஃபைகோவில் பெரிய ஏற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்றால், கட்டாத கடன் இருப்பதாகத் தெரியும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு லோன் வாங்கப் போக முடியாது, 2029-இல் போக வேண்டியது 2031 வரை கிடக்கவும் கூடாது. 70 புள்ளி வித்தியாசம் முழுவதும் இந்த ஒரு பதிவால் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். கார்டு பாக்கி லிமிட்டில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள், அது அடுத்த மாதமே மாற்றக்கூடிய விஷயம்.

கிரெடிட் ரிப்பேர் கம்பெனிக்கு ஒரே பதில்: வேண்டாம். 1996-இல் வந்த கிரெடிட் ரிப்பேர் சட்டப்படி, சொன்ன வேலையை முடிப்பதற்கு முன் பணம் வாங்குவதே சட்ட மீறல். எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும், மூன்று வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. முதல் போனிலேயே 399 டாலர் கேட்பவர் இவற்றில் முதலாவதையே மீறுகிறார். சரியான தகவலை எடுக்க அவர்களுக்கும் தனி வழி கிடையாது. செய்யப்போவது அந்த நண்பர் சொன்ன அதே 'நாட் மைன்' கடிதம்தான், உங்கள் பெயரில். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதிலாக 'சி.பி.என்.' என்று புது எண் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அந்த எண்ணைக் கடன் மனுவில் எழுதினால் மாட்டுவது நீங்கள்.

ஆறு மாதம் இருப்பது உங்களுக்குச் சாதகம். டிஸ்பியூட் நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கின் மேல் 'டிஸ்பியூட்டில் உள்ளது' என்று ஒரு குறிப்பு ஏறும். பல லெண்டர்கள் அந்தக் குறிப்பு இருக்கும்வரை ஃபைலை மேலே நகர்த்த மாட்டார்கள். ஆகவே இந்த வாரமே கடிதத்தைப் போடுங்கள். முடிவு வந்து, குறிப்பும் நீங்கியதை ரிப்போர்ட்டில் பார்த்த பிறகு மனு கொடுங்கள். மூன்று ரிப்போர்ட்டும் இப்போது வாரம் ஒரு முறை இலவசம், எடுப்பதால் ஸ்கோர் குறையாது. திருத்தம் தாமதமாகி மனுவும் போய்விட்டது என்றால் லோன் ஆபீசரிடம் 'ராப்பிட் ரீஸ்கோர்' கேளுங்கள். கட்டியதற்கான ஏஜென்சியின் கடிதத்தைக் காட்டினால் சில நாளிலேயே பாக்கியைப் புதுப்பிக்க வைக்கலாம். அதை லெண்டர் மூலமாகத்தான் செய்ய முடியும், நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. அந்த ஈமெயில் ரசீதோடு நின்றுவிடாமல், ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில் 'முழுவதும் கட்டப்பட்டது, பாக்கி 0' என்று ஒரு கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள். ஏஜென்சிகள் பெயர் மாறும், கைமாறும். பிறகு தேடினால் கிடைக்காது.

ஈக்விஃபாக்ஸுக்கு எதுவும் எழுதாதீர்கள். அங்கே இல்லாத ஒன்றைப் பற்றி நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

லீஸில் இருவர் பெயரும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கணவருடைய மூன்றையும் இன்றைக்கே எடுங்கள். இருவரும் சேர்ந்து கடன் வாங்கினால் அவர் ஸ்கோரும் கணக்கில் வரும், இதே 586 டாலர் அவர் பெயரிலும் கட்டாததாக நிற்கக்கூடும். இருந்தால் அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு தனிக் கடிதம் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதினால் பியூரோ அவருடைய ஃபைலைத் தொடாது.